நடு நீளக் குழாய்

கோயிலில் சந்தனம் மணந்தால் மற்றவர்களுக்குப் பக்தி வரும். எனக்கு வெட்கம் வரும். காது மடல் சூடாகி, யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்ப்பேன். அநேகமாக யாராவது பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள். "அண்ணை, மணக்குதோ?" என்று ஒரு குரல் வரும், பக்கத்தில் நிற்பவர்கள் எல்லாம் சிரிப்பார்கள். எங்கள் பக்கத்துத் தமிழரில் இந்தக் கதை தெரியாதவர் எவரும் இல்லை. தப்பித் தவறி யாராவது இருந்தால் அம்மாவே கூப்பிட்டு இருத்தி, தேத்தண்ணி கொடுத்துச் சொல்லிவிடுவார். அவர் சொல்லும்போது நான் இன்னும் கொஞ்சம் மடையனாகத் தெரிவதால், நானே எழுதிவிடுவது மேல் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான் பம்புகள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் மெக்கானிக். ஜேர்மனியில், வால்டோர்ஃபுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் வீடு. (பெரிய கம்ப்யூட்டர் கம்பனி இருக்கிற வால்டோர்ஃப் என்றதும் என்னையும் கம்ப்யூட்டர்காரன் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தப் பிள்ளைகளோடு ஒரே பஸ்ஸில் போய்வருவதோடு சரி.) அந்த ஊருக்குக் குடிபோன புதிதில் எங்களுக்கு ஒரு ஈ, காக்கையைக்கூடத் தெரியாது. பக்கத்து வீட்டு கெர்லிண்டேதான் கேக்கோடு வந்து கதவைத் தட்டினார். தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெண்மணி. ஊர்ச் சுடும் சங்கத்தின் அணித் தலைவியும் அவர்தான். ஜேர்மன் கிராமத்தில் சுடும் சங்கம் என்பது எங்கள் ஊர் வாசிகசாலை மாதிரி. அதில் ஆள் இல்லாவிட்டால் ஊரிலேயே ஆள் இல்லை.

சங்கத்து விழாவுக்கு ஒருநாள் என்னை இழுத்துக்கொண்டு போனார். காற்றுத் துவக்கு ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். முருகன் அருளோ என்னவோ, வட்டத்தின் நடுவில் பட்டுவிட்டது. பரிசாக ஒரு முழுப் பன்றித் தொடை. சைவச் சாப்பாட்டு வீட்டுக்கு அதைத் தோளில் சுமந்துகொண்டு போன என்னை, என் மனைவி சுகந்தி வாசலிலேயே மறித்து, அப்படியே கெர்லிண்டே வீட்டுக்குத் திருப்பி அனுப்பினாள். ஆனால் எனக்கு விசர் பிடித்துவிட்டது. சங்கத்தில் சேர்ந்தேன். பயிற்சி, பரீட்சை, அன்ட்ராக் என்கிற விண்ணப்பம், டெர்மின் என்கிற சந்திப்பு நேரம், மறுபடி அன்ட்ராக் என்று ஜேர்மன் முறைப்படி எல்லா வாசலும் ஏறி இறங்கி, கடைசியில் சொந்தமாகத் துவக்கு வைத்திருக்கும் அனுமதி கிடைத்தது. துவக்கைப் பூட்டி வைக்க நிலவறையில் ஒரு இரும்புப் பெட்டகம் வந்து இறங்கியது.

அந்தப் பெட்டகம் இறங்கிய செய்தி, டோர்ட்முண்டில் என் அண்ணனோடு இருந்த அம்மாவின் காதுக்கு எப்படியோ போய்விட்டது.

அம்மாவுக்குத் துவக்கு என்ற சொல்லே ஆகாது. அதற்கு நியாயம் இருக்கிறது. நாங்கள் பிறந்த ஊரில், சண்டைக் காலத்தில், ஒரு நாள் காலை துவக்கோடு வந்தவர்கள் சின்ன மாமாவை வீட்டு வாசலில் வைத்துக் கூட்டிக்கொண்டு போனார்கள். மாமா அம்மாவின் ஒரே தம்பி. அம்மா குறுக்கே போய் நின்றாராம். ஒரு கதவைத் தள்ளுவதுபோல அவரைத் தள்ளிவிட்டுப் போனார்களாம். மாமா திரும்பி வரவேயில்லை. அதன் பிறகுதான் அம்மா என்னையும் அண்ணனையும் இழுத்துக்கொண்டு இந்த நாட்டுக்கு ஓடி வந்தார். அப்படிப்பட்டவருடைய மகன், காசு கொடுத்துத் துவக்கு வாங்கப் போகிறேன் என்றால் எப்படி இருக்கும்?

"உன்ரை வீட்டுப் படி மிதிக்க மாட்டன்" என்று போனில் சொன்னார். சொன்னபடியே மிதிக்கவும் இல்லை. பேத்தியைப் பார்க்க வேண்டுமென்றால் நாங்கள்தான் டோர்ட்முண்டுக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகவேண்டும். பொங்கலுக்கும் வரவில்லை, பிள்ளையின் பிறந்தநாளுக்கும் வரவில்லை.

இனி என் புத்திசாலித்தனத்துக்கு வருகிறேன்.

பக்கத்து நகரத்தில் துவக்கு செய்து கொடுக்கும் ஒரு கடைக்காரர் இருந்தார். சங்கத்துத் துவக்கிலேயே சுட்டுக்கொண்டிருந்த நான், எனக்கென்று ஒரு அரைத் தானியங்கித் துவக்கு செய்து தரச் சொல்லி அவரிடம் போனேன். அவர் எல்லாம் குறித்துக்கொண்டு கடைசியாக ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "வாயுக் குழாய் எந்த நீளம்? குட்டையா, நடுவா, நெடியதா?"

விஷயம் இவ்வளவுதான். இந்த வகைத் துவக்கில் ஒரு வெடி வைத்ததும், குண்டுக்குப் பின்னால் ஓடும் வாயுவில் கொஞ்சம், சுடுகுழலில் உள்ள சிறு துளை வழியாக ஏறி, ஒரு மெல்லிய குழாயில் பின்பக்கம் வந்து உள்ளே உள்ள பூட்டைத் தள்ளும். சுட்ட தோட்டாவின் வெற்றுக் கோது வெளியே விழும், அடுத்த தோட்டா, எங்கள் பேச்சில் ரவை, உள்ளே போகும். நாங்கள் விசையை அழுத்தினால் போதும். அந்தத் துளை எங்களுக்குக் கிட்ட இருந்தால் குழாய் குட்டை. வாயு அவசரமாக வந்து மொத்தென்று இடிக்கும். தூர இருந்தால் குழாய் நெடியது. வாயு ஆறுதலாக வரும், தோளுக்குச் சுகம். ஆனால் அதற்கேற்ற நீளத்தில் சுடுகுழலும் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் வாயு தள்ளி முடிப்பதற்குள் குண்டு வெளியே போய், வாயுவும் அதன் பின்னாலேயே போய்விடும். நடு நீளம் இரண்டுக்கும் இடையில். புட்டு அவித்தவர்களுக்கு இது சுலபமாக விளங்கும். ஆவி எந்த வேகத்தில் ஏறுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

"யோசித்துச் சொல்கிறேன்" என்று வந்தவன் ஒரு மாரி முழுக்க, பனி கரையும்வரை யோசித்தேன்.

காலையில் பல் தீட்டும்போது குட்டை சரியென்று படும். பஸ்ஸில் ஏறும்போது நெடியது. வேலை முடிந்து வரும்போது நடு. இணையத்தில் இதைப் பற்றிச் சண்டை பிடிப்பவர்களின் எழுத்தை எல்லாம் வாசித்தேன். அங்கே ஒருவரை ஒருவர் திட்டுகிற திட்டைப் பார்த்தால் கோயில் நிர்வாகசபைக் கூட்டம் தோற்றுப்போகும்.

எங்கள் அணியில் மூன்று பேர். நான், கெர்லிண்டே, பிறகு ஊவே. ஊவே கூரை வேய்கிறவர், கதவளவு தோள் உள்ள மனிதர். (அவர்கள் பேசியது எல்லாம் ஜேர்மனில். நான் என் பாஷையில் தருகிறேன்.)

"குட்டையை எடு," என்றார் ஊவே. "என்னுடையது குட்டைதான். மழையிலும் சேற்றிலும் வேலை செய்யும்."

"நாங்கள் மழையிலா சுடுகிறோம்? தலைக்கு மேல் கூரை இருக்கிறதே!" என்றேன்.

"அந்தக் கூரையைப் போட்டது நான்தான். அதனால்தான் சொல்கிறேன்."

கெர்லிண்டே தன் தோளைத் தடவிக் காட்டி, "நெடியதை எடு. இந்த வயதிலும் இது வலிக்காமல் இருக்கிறது," என்றார்.

இரண்டு பேரும் பல வருடங்களாகச் சுடுகிறவர்கள். நான் நேற்று முளைத்தவன். ஆனால் அவர்கள் இருவரும் ஏன் பிழை என்பதை, ஆப்பிள் சோடாவும் கையுமாக, சங்கத்து மேசையில் வைத்து விலாவாரியாக விளக்கினேன். அவர்கள் கடைசிவரை பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தப் பொறுமைக்கு இன்றைக்கு நினைத்தாலும் கையெடுத்துக் கும்பிடலாம்.

தமிழர்களையும் விட்டுவைக்கவில்லை. மன்ஹைமில் ஒரு சாமத்திய வீடு, பெரியபிள்ளையான ஒரு பெண்ணுக்கு நீராட்டு விழா. பெரிய மண்டபம். துவக்கு என்று வாய் தவறிச் சொன்னால் அம்மாவுக்குச் செய்தி போய்விடும் என்பதால், "ஒரு வாயுக் குழாய் விஷயம்" என்று மட்டும் சொல்லி, குளிர்பான ஸ்ட்ரோக்களை மூன்று அளவில் வெட்டி, ஊதி ஊதி வாழைப்பழத் தோலை நகர்த்திக் காட்டிக்கொண்டிருந்தேன். என்னைச் சுற்றி ஒரு சின்னக் கூட்டமே கூடிவிட்டது. கடைசியில் ஒரு அண்ணை கையைத் தூக்கி, "தம்பி, இதைப் பூட்டினால் வீட்டைச் சூடாக்குற ஹைற்சுங் பில்லு எவ்வளவு குறையும்?" என்று கேட்டார். இன்னொருவர் விலாச அட்டை கேட்டார்.

வீட்டுக்கு வரும் வழியில் காருக்குள் சுகந்தி வாய் திறந்தாள்.

"இஞ்சாருங்கோ, என்னைப் பொம்பிளை பாக்க வந்த அண்டைக்கு, ரெண்டு வடை சாப்பிட்டு ஒரு தேத்தண்ணி குடிக்கிறதுக்குள்ளை ஓம் எண்டு சொன்னனீங்கள். ஒரு குழாய்க்கு ஒரு மாரி முழுக்க யோசிக்கிறியளே?"

"குழாயைப் பிறகு மாத்தலாம். அதாலைதான் யோசிக்கிறன். உம்மை மாத்த ஏலாதெண்டு அண்டைக்கே தெரியும், யோசிச்சு என்ன பிரயோசனம்?"

அன்று இரவு எனக்குப் பாணும் பழைய சம்பலும்தான் கிடைத்தது.

ஒருவழியாக நடு நீளம் என்று முடிவெடுத்தேன். கடைக்காரர், பிள்ளைக்குக் கலியாணம் சரிவந்த தகப்பனைப்போலப் பெருமூச்சு விட்டார். துவக்கு வந்தது. சுட்டுப் பார்த்தேன். எந்தக் குறையும் சொல்ல முடியாது, வெண்ணெயாய் ஓடியது. அத்தோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை.

ஆனால் நான் நிறுத்துகிற ஆளா? அதே நடு நீளத்தில், விசேட உருக்கில் செய்து, கண்ணாடிபோல மினுக்கிய குழாய் ஒன்று இணையத்தில் கண்ணில் பட்டது. இன்னும் சீராக ஓடுமாம். எழுதிப் போட்டிருந்தார்கள், நம்பினேன். நவராத்திரிக் கிழமை தபாலில் வந்து சேர்ந்தது. (துவக்கு நிலவறைப் பெட்டகத்தில் பூட்டியேதான் இருந்தது. இது வெறும் குழாய், பூட்டி வைக்கவேண்டும் என்று சட்டம் இல்லை.) வரவேற்பறையில் என் மேசை மேல் வைத்து, போகும்போதும் வரும்போதும் தடவிக்கொண்டேன்.

அதே கிழமைதான் அம்மா வந்தார்.

மகள் ஆரணிக்கு விஜயதசமியன்று ஏடு தொடக்க வேண்டும். அம்மா ஊரில் பாலர் வகுப்பு ரீச்சர். எத்தனையோ பிள்ளைகளின் விரலைப் பிடித்து 'அ' எழுத வைத்தவர். சொந்தப் பேத்திக்கு வேறு யாரோ எழுத வைப்பதா? அந்த ஒன்றுதான் அவரை இளக வைத்தது. ஆனால் நிபந்தனை இருந்தது.

"வாறன். ஆனால் துவக்கு எண்ட சொல்லு என்ரை காதிலை விழக்கூடாது. கண்ணிலை படக்கூடாது. பட்டுதெண்டால் அடுத்த ரெயினிலை போறன். பிறகு நான் செத்தாலும் உந்தப் படி மிதியன்."

நானும் சுகந்தியும் தலையில் அடித்துச் சத்தியம் செய்தோம். அம்மா வந்து இறங்கினார். வீடு முழுக்கச் சுற்றிப் பார்த்துவிட்டு, நிலவறைப் படியடியில் நின்று, "உங்கை கீழை என்ன இருக்கு?" என்று கேட்டார்.

"உருளைக்கிழங்கு, அம்மா" என்றேன்.

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். ரீச்சர் பார்வை. "அந்தக் கிழங்கு அங்கையே கிடக்கட்டும்" என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் கிழங்கு.

சரஸ்வதி பூசையன்று அம்மா வீட்டிலுள்ள தொழிற் சாமான்களை எல்லாம் சேகரித்துக்கொண்டிருந்தார். ஆரணியின் புத்தகம், சுகந்தியின் கத்தரிக்கோல், என் அளவுகோல்கள், அகப்பை, இடியப்ப உரல் எல்லாம் வரிசையாக வந்தன. என் மேசையடியில் வந்து நின்றார்.

"இது என்ன தம்பி?"

"அது... வேலையிடத்துச் சாமான் அம்மா. பம்புக்குப் பூட்டுற குழாய்."

"நல்ல மினுக்கமாயிருக்கு. உனக்குச் சோறு போடுற சாமான். பூசையிலை வைக்காமல் விடலாமே?"

நான் என்ன சொல்வேன்? அது சோறு போடுகிற சாமான் இல்லை, சோற்றுக்குப் பதில் பாண் வாங்கித் தருகிற சாமான் என்றா சொல்ல முடியும்? குழாய் பூசை அறைக்குப் போனது. வைத்ததை விஜயதசமி முடியும்வரை தொடவும் கூடாது. நான் அறை வாசலில் நின்று தூர இருந்து கும்பிட்டதோடு சரி. உள்ளே அது என்ன பாடு பட்டது என்று எனக்குத் தெரியாது.

விஜயதசமி காலை, தாம்பாளத்தில் அரிசி பரப்பி, பேத்தியை மடியில் இருத்தி, அந்தச் சின்ன விரலைப் பிடித்து அம்மா 'அ' எழுத வைத்தார். எழுதி முடித்ததும் ஆரணி, "அப்பம்மா, இன்னொண்டு!" என்றாள். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். சுகந்தி பக்கம் திரும்பி, "பிள்ளைக்கு நல்ல கை. வருசா வருசம் நவராத்திரிக்கு நான் வாறன்" என்றவர், ஒரு கணம் நிறுத்தி, "கிழங்கு பேசாமல் கிடந்தால்" என்று சேர்த்துக்கொண்டார். அது போதும் எனக்கு. அந்த வீட்டில் அம்மாவின் குரல் கேட்பதற்காக நான் எதையும் செய்திருப்பேன்.

குழாயை என்னிடம் திருப்பித் தந்தபோது, "நல்லாத் துடைச்சு வைச்சிருக்கிறன் தம்பி" என்றார். உண்மைதான், வெளியே பளபளவென்று இருந்தது.

சனிக்கிழமை மாவட்டப் போட்டி. எங்கள் அணி அதில் தேறினால் மாநிலப் போட்டி. கெர்லிண்டே எங்களுக்குச் சொல்லியிருந்தது ஒன்றே ஒன்று: போட்டிக் கிழமையில் ஒரு ஆணியைக்கூட மாற்றாதே. வெள்ளி பின்னேரம் நான் நிலவறையில் உட்கார்ந்து குழாயை மாற்றினேன். மாற்றுவதற்கு முதல் அதன் நீளத்தை அளந்தேன். திருப்பி அளந்தேன். ஒரு மயிரிழை வித்தியாசமில்லை. வெளியே எண்ணெய்த் துணியால் துடைத்தேன். உள்ளே பார்க்கவேண்டும் என்று ஒரு மெக்கானிக்குக்குத் தோன்றவில்லை பாருங்கள்!

அம்மாவிடம், "எனக்கு நாளைக்கு ஒரு டெர்மின்" என்றேன். ஜேர்மனியில் டெர்மின் என்று சொன்னால் எந்தத் தமிழ்த் தாயும் மேற்கொண்டு கேள்வி கேட்கமாட்டார். "விபூதி பூசிக்கொண்டு போ" என்றார்.

போட்டி மண்டபத்தில் மேடை மேடையாக ஆட்கள். எனக்கு வலப்பக்கம் கெர்லிண்டே, இடப்பக்கம் ஊவே. கட்டளை கிடைத்தது. மூச்சை அடக்கி முதல் வெடி வைத்தேன். அருமை. மறுபடி விசையை அழுத்தினேன். ஒன்றுமில்லை. செத்த பாம்புபோல விசை அப்படியே கிடந்தது. கையால் பூட்டை இழுத்தேன், வெற்றுக் கோது வந்து விழுந்தது, அடுத்த ரவை ஏறியது. சுட்டேன். மறுபடி ஒன்றுமில்லை. மறுபடி இழுத்தேன். பக்கத்தில் எல்லாரும் படபடவென்று சுட்டுக்கொண்டிருக்க, நான் மட்டும் கிணற்றில் தண்ணீர் இறைப்பவன் மாதிரி ஒவ்வொரு வெடிக்கும் இழுத்துக்கொண்டிருந்தேன்.

கையைத் தூக்கினேன். கண்காணிப்பாளர் வந்தார். மீசை வைத்த மெலிந்த மனிதர். என்ன பிரச்சினை என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் நான் தொடங்கிவிட்டேன். "வாயு போதவில்லை. நடு நீளம் பிழையான தெரிவு. கடைக்காரர் என்னை எச்சரித்திருக்கவேண்டும். துளைக்கும் சுடுகுழல் முனைக்கும் இடையில் உள்ள தூரம்..."

அவர் என் விளக்கத்தைக் கேட்கவில்லை. மூக்கை உயர்த்தி மணந்துகொண்டிருந்தார்.

"இங்கே ஏதாவது எரிகிறதா?"

நானும் மணந்தேன். மெய்யாகவே ஏதோ மணந்தது. வெடிமருந்துப் புகைக்கு நடுவில், மெல்ல, நன்றாகத் தெரிந்த ஒரு மணம். ஆனால் அந்த மண்டபத்தில் அது இருக்க நியாயமில்லாததால் என் மூளை அதை ஏற்றுக்கொள்ளவில்லை.

"கோயில் மணம் மாதிரி இருக்கிறது," என்றார் இடப்பக்கத்திலிருந்து ஊவே.

"ஊவே, நீ கோயிலுக்குப் போனதே இல்லை," என்றார் கெர்லிண்டே.

நேரம் போய்க்கொண்டிருந்தது. விதிப்படி, துவக்கு மக்கர் பண்ணினால் அது சுடுபவனின் பாடு. சுடச்சுடக் குழாய் சூடாகி, மணம் கூடிக்கொண்டே போனது. நேரக் கணக்கு வைத்த கடைசிச் சுற்றில் மற்றவர்கள் முடித்துவிட்டுத் துவக்கைக் கீழே வைத்தபோது, நான் பாதி ரவைகளோடு இன்னும் இழுத்துக்கொண்டிருந்தேன். மொத்த மண்டபமும் என்னைப் பார்த்தது. எங்கள் அணிதான் கடைசி. மாநிலப் போட்டிக் கனவு அத்தோடு முடிந்தது.

பின்பக்கத்து மேசையில் துவக்கைப் பிரித்தோம். நான் இன்னமும் நடு நீளத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன். ஊவே குழாயைக் கழற்றி, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஒரு கண்ணால் பார்த்தார்.

"வெளிச்சம் வரவில்லையே."

ஒரு கம்பியை உள்ளே விட்டுக் குத்தினார். முதலில் மஞ்சளாகக் கொஞ்சம் தூள் கொட்டியது. பிறகு சாம்பல். பிறகு, கருகிய ஒரு சின்ன மூங்கில் குச்சி மேசையில் வந்து விழுந்தது.

எனக்கு அப்போது எல்லாம் விளங்கிவிட்டது. வாழைப்பழத்தில் குத்த வேண்டிய ஊதுபத்தி! பூசைக்கு வாங்கிய வாழைப்பழம் முழுவதையும் ஆரணி தின்றுவிட்டாள் என்று சுகந்தி சொன்னது ஞாபகம் வந்தது. அம்மா செம்பில் அரிசி போட்டு, குழாயை நிமிர்த்தி நட்டு, ஊதுபத்தியை அதற்குள் குத்தி, ஆடாமல் நிற்கச் சந்தனத்தைக் குழைத்து அடைத்திருக்கிறார். பத்தி எரிந்து முடிந்தது. அடிக்குச்சியும் சந்தனமும் உள்ளே காய்ந்து கல்லாகிவிட்டன.

சுற்றி நின்ற அத்தனை ஜேர்மன்காரருக்கும், வருடத்தில் ஒருநாள் நாங்கள் தொழிற் சாமான்களை வைத்துக் கும்பிடுவதை நான் விளக்கவேண்டி வந்தது. கண்காணிப்பாளர் மஞ்சள் தூளை விரலில் தொட்டு மணந்து பார்த்து, "விதிப் புத்தகத்தில் இதற்கு ஒன்றும் இல்லை," என்று கவலையோடு சொன்னார்.

கெர்லிண்டே சிரிக்கத் தொடங்கினார். சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்து, மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "இத்தனை வருடம் இந்த மண்டபத்தில் எண்ணெயையும் ஊவேயின் வேர்வையையும்தான் மணந்தேன். இன்றைக்குத்தான் நல்ல மணம்." ஊவே என் முதுகில் ஒன்று போட்டுவிட்டு எனக்குக் கோப்பி வாங்கி வந்தார். அவர்களின் மாநிலப் போட்டியையே கெடுத்த என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. அந்த ஊர் எனக்குச் சொந்த ஊரானது அந்தக் கோப்பியோடுதான்.

கெர்லிண்டே தன் காரில் என்னை வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டார். துவக்கை முதலில் பெட்டகத்தில் பூட்ட வேண்டும், அதுதான் சட்டம். நான் நேரே நிலவறைக்கு இறங்கினேன். கெர்லிண்டே மேலே போனார். அவர் கையில் ஒரு கடதாசித் துவாலை இருந்ததை நான் கவனிக்கவில்லை. அந்த நல்ல மனுஷி, புனிதப் பொருளைக் குப்பையில் போடக்கூடாது என்று, குச்சியையும் சந்தனத்தையும் அதில் பக்குவமாக மடித்து, உரியவரிடம் ஒப்படைக்கக் கொண்டு வந்திருந்தார்.

நான் படியேறிக் குசினிக்கு வந்தேன். அடுப்படியில் நின்ற சுகந்தி கண்ணாலேயே எனக்கு ஆபத்து என்றாள். மேசையில் துவாலை விரித்தபடி. அம்மாவுக்குத் தெரிந்த ஜேர்மன் எல்லாம் அகதிக் காலத்து ஜேர்மன்: அன்ட்ராக், டெர்மின், நாடு கடத்தாமல் விட்டுவைக்கிற டுல்டுங். ஆனால் கெர்லிண்டே வாயிலிருந்து 'வாஃபே' என்ற சொல் வந்துவிட்டது. ஆயுதம். அகதி விசாரணையில் அம்மாவிடம் திருப்பித் திருப்பிக் கேட்ட சொல் அது. போதாக்குறைக்குக் கெர்லிண்டே விரலை நீட்டி, "பூம்!" என்று காட்டி, பிறகு இரண்டு கையையும் விரித்து, ஒன்றுமில்லை என்று நடித்தும் காட்டிக்கொண்டிருந்தார்.

"தம்பி, இஞ்சை வா" என்றார் அம்மா. "இவ என்ன சொல்லுறா?"

இனி ஒளிக்க என்ன இருக்கிறது? "அம்மா, அது பம்புக் குழாயில்லை. கிழங்கின்ரை குழாய்."

அம்மா என்னைப் பார்க்கவில்லை. குச்சியைப் பார்த்தார்.

"நான் ஊதுபத்தி குத்தினதோ?"

"ஓம்."

"அதாலை?"

"அதாலை அது வேலை செய்யேல்லை அம்மா. ஒருக்காச் சுடும், பிறகு நிண்டிடும். கையாலை இழுத்தால்தான் அடுத்தது."

"ஒவ்வொருக்காலும் நிண்டதோ?"

"ஒவ்வொருக்காலும்."

"என்ரை சந்தனத்தாலையோ?"

"ஓம் அம்மா."

அம்மா கதிரையை இழுத்து உட்கார்ந்தார். கதவோரம் இருந்த அவருடைய பயணப் பையை நான் பார்த்தேன். அடுத்த ரெயின் எத்தனை மணிக்கு என்று சுகந்தி மனதுக்குள் கணக்குப் போடுவது தெரிந்தது. அம்மாவின் தோள் குலுங்கியது. ஐயோ, அழுகிறார் என்று பதறிக் கிட்டப் போனேன். அழுதுகொண்டுதான் இருந்தார். ஆனால் சிரித்துக்கொண்டும் இருந்தார். அம்மா அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

"எத்தினை துவக்குக்கு முன்னாலை நிண்டனான் தம்பி" என்றார். அந்தச் சொல்லை அவரே சொன்னார். "குறுக்கை நிண்டும் பாத்தன், காலிலை விழுந்தும் பாத்தன். ஒண்டும் நிக்கேல்லை. கடைசியிலை ஒண்டை நிப்பாட்டிப் போட்டன், பாத்தியே? ஒரு விரல் சந்தனத்தாலை!"

கெர்லிண்டே என்னைப் பார்த்து, என்ன சொன்னார் என்று கேட்டார். சுகந்திதான் மொழிபெயர்த்தாள், மாமாவின் கதையையும் சேர்த்து. கெர்லிண்டே சிரிப்பை நிறுத்தினார். மேசைக்கு மேலாகக் கையை நீட்டி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு அம்மா எழுந்து, பூசைக் கடலையும் அவலும் ஒரு டப்பா நிறையப் போட்டு அவரிடம் கொடுத்தார்.

பயணப் பை அந்தக் கிழமை முழுக்கக் கதவோரத்திலேயே கிடந்தது. அம்மா போகவில்லை.

இப்போது வருடா வருடம் நவராத்திரிக்கு வருகிறார். வந்ததும் முதல் கேள்வி, "கிழங்கு சுகமோ?" என்பதுதான். மினுக்கின குழாயை நான் திரும்பத் துவக்கில் பூட்டவேயில்லை. பழைய சாதாரணக் குழாய் போதும் என்றாகிவிட்டது. அது எங்கள் பூசை அறையில், செம்பு அரிசிக்குள், விசேட உருக்கில் செய்த ஊதுபத்தித் தாங்கியாக நிற்கிறது. போட்டிக்கு முதல் ஊவே என் துவக்கை வாங்கி ஒருமுறை மணந்து பார்த்துவிட்டுத்தான் தருவார். மூக்கை உறிஞ்சி, "சுத்தம்," என்பார்.

யாராவது விவரம் தெரியாதவர்கள் என்னிடம் வந்து, "அண்ணை, குட்டையோ, நடுவோ, நெடியதோ, எந்தக் குழாய் திறம்?" என்று கேட்டால் நான் வாயைத் திறப்பதில்லை. திறக்க அம்மா விடுவதும் இல்லை. "ஊதுபத்தி ஆடாமல் நிக்கிற நீளம்தான் திறம்" என்று அவரே பதில் சொல்லிவிடுவார். அந்த விஷயத்தில் நடு நீளத்தை அடிக்க ஆளில்லை என்று நானும் ஒத்துக்கொண்டுவிட்டேன்.